மாவடியான் வீட்டு வசைக் கடிதங்கள்

ஓசூர் குளிரும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் நம்பவில்லை. பாளையங்கோட்டைக்காரிக்குக் குளிர் என்றால் மார்கழியில் விடியற்காலைப் பூசைக்குப் போகும்போது முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொள்வது, அவ்வளவுதான். ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கி, தங்கை கணவரைப் பார்த்து வாயைத் திறந்தபோது என் வாயிலிருந்து புகை வந்தது. ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். சுற்றி நின்ற எல்லார் வாயிலிருந்தும் வருவதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி.

தங்கை அமலியும் அவள் கணவர் சேவியரும் சொந்தமாக ஒரு வீடு கட்டியிருந்தார்கள். பால் காய்ப்பு. பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பத்தில் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை. ஆனால் உண்மையான காரணம் வேறு. நான் ஒரு கடிதத்தைத் திருட வந்திருந்தேன்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வாரப் பத்திரிகையில் மாவடியான் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர் என்று அவருக்குப் பெரிய பெயர். அந்தக் கதையில் வரும் கனகம் இரும்பைக் கடையும் லேத் மெஷின் ஓட்டுகிற பெண். ஒரு பெண் லேத் ஓட்டுவதை அதற்கு முன் நான் கதையில்கூடப் பார்த்ததில்லை. வாரம் முழுக்க அவளுக்காகக் காத்திருப்பேன். நான் அப்போது பி.எட். படிக்க வேண்டும் என்று வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கனகம் திடீரென்று வேலையை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். அப்பா பத்திரிகையை மடித்து என் முன்னால் போட்டு, “பாத்தியா, கதையில வார புள்ளயே வீட்டுக்கு வந்துட்டா” என்றார். எனக்கு வந்த கோபத்தில் அப்பாவை ஒன்றும் சொல்ல முடியாது. மாவடியானைச் சொல்லலாம். ஒரு இன்லண்ட் கவர் முழுக்க எழுதினேன். கடைசியில், “இதை எழுதிய கை விளங்காமல் போகட்டும்” என்று முடித்தேன். பதில் வந்து அப்பா கையில் கிடைத்துவிடுமோ என்ற பயத்தில் தெரு, வீட்டு எண் எதுவும் போடவில்லை. ‘ஜெசிந்தா, பாளையங்கோட்டை’ என்று மட்டும் போட்டேன். தபால்பெட்டியில் போட்டு வந்தவள் அமலி. அவளுக்கு அப்போது பத்து வயது.

இரண்டு வாரம் கழித்துப் பத்திரிகையில் தொடர் நின்றுபோனது. ஆசிரியருக்கு உடல்நலம் சரியில்லை என்று ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். அடுத்த மாதம் முழு விவரமும் வந்தது. தொழிற்சாலையில் டிராலியிலிருந்து இரும்பு வார்ப்பு ஒன்று உருண்டு விழுந்து, மாவடியானுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

என் சாபம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். சனிக்கிழமை கோயிலில், சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் பரிகாரமாக மூன்று தடவை ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொல்லிவிட்டு, “கனகம் அப்புறம் என்ன ஆனாளாம்?” என்று கேட்டார். அவரும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று மரியே போதவில்லை. நான் நினைத்தபடி பி.எட். படித்தேன், தமிழாசிரியை ஆனேன், என் இஷ்டப்படி கல்யாணமும் செய்துகொண்டேன். ஆனால் மாவடியான் பெயர் போட்ட எதையும் அதற்குப் பிறகு தொட்டதில்லை. அந்தத் தொடர் பிற்பாடு புத்தகமாக வந்தது என்று கேள்விப்பட்டேன். கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நான்கு வருஷத்துக்கு முன் அவர் இறந்துபோனார். போன தீபாவளிக்கு வந்திருந்த சேவியர் சும்மா பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னார். குந்தாரப்பள்ளி பக்கத்தில் மாவடியான் வீட்டை நினைவில்லமாக ஆக்கியிருக்கிறார்களாம். உள்ளே ஒரு சுவர் முழுக்க அவரைத் திட்டி வந்த கடிதங்களை எழுதியவர்கள் பெயரோடு மாட்டி வைத்திருக்கிறார்களாம். “உங்க ஊர்க்காரங்க எழுதுனதும் ரெண்டு மூணு இருக்கு அத்தாச்சி” என்று சிரித்தார். பெயர்களை அவர் கவனிக்கவில்லை. எனக்குக் கையிலிருந்த அதிரசம் கீழே விழுந்தது. எங்கள் பள்ளியிலிருந்து வருஷா வருஷம் பெங்களூருக்குச் சுற்றுலா போகிறார்கள். வழியில் ஒரு எழுத்தாளர் வீடு இருக்கிறது என்று தெரிந்தால் எங்கள் தலைமையாசிரியை விடமாட்டார்.

முதல் நாள் பால் காய்ப்பு நன்றாக நடந்தது. பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்தார். பால் ஊற்றுகிறவர் கன்னடம், பக்கத்து மனைக்காரர் தெலுங்கு, எதிர் வீட்டு நர்ஸம்மா மலையாளம். அமலி எல்லோரிடமும் அவரவர் பாஷையில் பேசினாள். எங்கள் வீட்டில் தமிழ்ப் பரீட்சையில் இரண்டு தடவை தவறியவள் அவள்தான்.

மத்தியானம் சமையல்காரம்மா எனக்கென்று உள்ளூர்ச் சாப்பாடு போட்டார். களியும் பிதுக்கம் பருப்புக் குழம்பும். அவரைக்கொட்டையை ஊற வைத்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்து வைக்கிற குழம்பு. களியை நான் மென்றேன். பந்தியே என்னைப் பார்த்துச் சிரித்தது. மெல்லக் கூடாதாம், பிய்த்துக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டுமாம். அல்வாவை விழுங்கிப் பழகிய தொண்டைதானே, இரண்டாவது உருண்டையில் பிடிபட்டுவிட்டது. மூன்றாவது உருண்டையை நானே கேட்டு வாங்கினேன்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அமலியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“எக்கா, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தா எப்பிடி எடுப்ப?”

“கழத்துவேன்.”

“ஆளு இருந்தா?”

“கேட்டு வாங்குவேன். குடுக்கலன்னா கிழிப்பேன்.”

அவள் கையிலிருந்த தட்டைத் தேய்த்துக் கழுவி வைத்தாள். பிறகு, அன்றைக்குத் தபால்பெட்டியில் போடப் போகிற வழியில் தானும் அதன் ஓரத்தில் ஒரு சிலுவை வரைந்துவிட்டதாகச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். சாபம் பலிக்கட்டும் என்றுதானாம். என் பாரத்தில் பாதி அவள் தலையில் போய் உட்கார்ந்த மாதிரி எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நல்ல அக்கா நான்.

இரண்டாம் நாள் காலை, சேவியர் வேலைக்குப் போய்விட்டார், அமலிக்கு வீட்டில் விருந்தாளிகள். நான் தனியாகவே போய்விடுவேன் என்று வீறாப்பாகக் கிளம்பினேன். சாலையோரம் நிறையப் பெண்கள் நின்றார்கள். எல்லோர் கையிலும் சாப்பாட்டுத் தூக்கு. வெள்ளையும் நீலமுமாக ஒரு பஸ் வந்தது. அவர்கள் ஏறினார்கள், நானும் ஏறினேன். கண்டக்டரைக் காணவில்லை. நல்ல பஸ், ஜன்னல்கூட ஆடவில்லை; எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் ஜன்னலை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். என் தோளில்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து பஸ் ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்து நின்றது. அது பாகலூர் சாலையில் ஒரு தொழிற்சாலை. நான் ஏறியது கம்பெனி பஸ்.

காவலர் என்னிடம் அடையாள அட்டை கேட்டார். நான் தமிழாசிரியை என்றேன். இன்றைக்குப் பயிற்சி வகுப்பு எதுவும் இல்லையே என்று குழம்பினார். தோளில் தூங்கிய பெண் விழித்துக்கொண்டு தெலுங்கில் அவரிடம் ஏதோ சொன்னாள். அந்தக்கா பாவம், தெரியாமல் ஏறிவிட்டது, என் எச்சில்கூட அவர் புடவையில் பட்டிருக்கிறது, விட்டுவிடுங்கள் என்றாளாம். காவலர் சிரித்து, கேன்டீனிலிருந்து டீயும் ஒரு தட்டுப் புளிச்சோறும் வரவழைத்துக் கொடுத்தார். திரும்பிப் போகிற பஸ் ஷிப்டு முடிந்த பிறகுதான். அதுவரை கேட்டுக்கு உள்பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மெஷின்கள் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கனகம் இந்த மாதிரி ஒரு கேட்டுக்குள்தானே நடந்து போயிருப்பாள் என்று தோன்றியது. அவள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவளை அப்படிச் செய்ய வைத்தவர் மேலும்தான். பரிதாபம் ஒரு பக்கம் இருக்கட்டும், கோபமும் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சேவியர் விழுந்து விழுந்து சிரித்தார். அத்தாச்சிக்கு வந்த இரண்டாம் நாளே வேலை கிடைத்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் கண்டக்டர் இருக்கிறாரா என்று பார்த்துக் கேட்டு பஸ் ஏறினேன். அன்று குந்தாரப்பள்ளியில் சந்தை. பஸ்ஸின் பின்பாதி முழுக்கக் கோழிக்கூடைகளும் ஆடுகளும். ஒரு வெள்ளாடு சூளகிரி தாண்டும்வரை என் பையை முகர்ந்துகொண்டே வந்தது. பையில் பாளையங்கோட்டையிலிருந்து கொண்டுவந்த அல்வா இருந்தது. நினைவில்லத்துக் காப்பாளருக்கு லஞ்சம்.

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் காதர் பாய். கிருஷ்ணகிரிக்காரர், சந்தைகளில் மாட்டுக்கயிறும் சலங்கையும் விற்கிறவர். மடியில் ஒரு மூட்டைச் சலங்கை. பஸ் பள்ளத்தில் விழும்போதெல்லாம் எங்கள் இருக்கை மட்டும் தேர் மாதிரி ஒலித்தது. மாவடியான் வீடு எங்கே என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அவரும் மாவடியானைத் திட்டி ஒரு கடிதம் எழுதியிருக்கிறாராம்.

“எதுக்கு பாய்?”

“சந்தையப் பத்தி எழுதனாரு. மாட்டுக்குப் பல்லப் புடிச்சிப் பாக்கறத தப்பா எழுதிட்டாரும்மா. நான் சும்மா வுடுவனா? போட்டேன் ஒரு கார்டு. இப்ப செவுத்துல மாட்டி வெச்சிருக்காங்க. எம் பேரனுங்களக் கூட்டினு போய்க் காட்டனேன்.”

அவருக்குப் பெருமை. சுவரில் மாட்டியிருப்பது உண்மைதான் என்று இப்போது சந்தேகமறத் தெரிந்துவிட்டது. சந்தையின் புழுதியும் சாணி வாசனையும் மாடுகளுமாகக் கிடந்த மைதானத்தை ஒட்டி இறக்கிவிட்டு, மாந்தோப்பு வழியே நேராகப் போகச் சொன்னார். தோப்பில் மரங்கள் பூவெடுத்திருந்தன. எங்கள் பக்கத்தில் மாமரம் வீட்டுக்கு ஒன்று இருக்கும். இங்கே கண்ணுக்கு எட்டின மட்டும் மாமரம்தான். வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன்.

வீடு சிறியது. இரண்டு அறை, ஓட்டுக்கூரை, கொல்லையில் ஒரு வெந்நீர் அடுப்பு. காப்பாளர் பெயர் முனிராஜ். அறுபது வயது இருக்கும், சட்டைப் பையில் மூன்று நிறத்தில் அட்டைகள். மாவடியானோடு ஒரே தொழிற்சாலையில், ஒரே பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். எழுத்தாளரின் மனைவி மகளோடு சேலம் போன பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். பெங்களூரிலிருந்து வந்த ஒரு கன்னடத் தம்பதியும் அப்போது அங்கே இருந்தார்கள். முனிராஜ் எனக்கும் அவர்களுக்கும் மாறி மாறித் தமிழிலும் கன்னடத்திலும் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் கொல்லையில் மேய்ந்த ஆட்டைத் தெலுங்கில் விரட்டினார்.

அந்த வீட்டில் எல்லாப் பொருளிலும் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கியது. எழுதுகிற நாற்காலியில் பச்சை அட்டை: ‘ஓகே.’ குடையில் சிவப்பு அட்டை: ‘ரிஜெக்ட். கம்பி இரண்டு உடைந்தது.’ மூக்குக்கண்ணாடியில் மஞ்சள்: ‘ரீவொர்க். காது வளைவு சரி செய்ய வேண்டும்.’ எனக்கு முதலில் புரியவில்லை. அவர்கள் இருவரும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவு. மெஷினிலிருந்து வருகிற ஒவ்வொரு உருப்படியையும் அளந்து, சரியாக இருந்தால் பச்சை, திருத்தினால் சரியாகும் என்றால் மஞ்சள், தேறாது என்றால் சிவப்பு என்று அட்டை கட்டுவதுதான் வேலை. இருபது வருஷம் அதைச் செய்த கை, வீட்டைக் கொடுத்ததும் வீட்டுக்கும் கட்டிவிட்டது.

உள்ளறையில் அந்தச் சுவர். நூறு கடிதத்துக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் சிவப்பு அட்டை. மேல் வரிசையிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். தர்மபுரியிலிருந்து ஒருவர், உங்கள் கதையைப் படித்துக்கொண்டிருந்த என் மனைவி மூன்றாவது தடவையாகப் பருப்பைத் தீயவிட்டாள், நீர் நன்றாக இருப்பீரா என்று கேட்டிருந்தார். மாம்பழத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவர் ஒரு தடவையாவது தோப்புக்குள் வந்திருக்கிறாரா என்று சிங்காரப்பேட்டைக்காரர் ஒருவர். காதர் பாயின் கார்டும் இருந்தது. மாட்டுப் பல்லைப் படம் வரைந்து காட்டியிருந்தார். பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு. இரண்டும் ஆண்கள் எழுதியது.

கன்னட அம்மாள் சுவர் முழுவதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இவ்வளவு பேர் எடுத்த மனிதரை ஒருத்தருக்குக்கூடப் பிடிக்கவில்லையா?” என்று கன்னடத்தில் கேட்டாராம். முனிராஜ் அந்தக் கேள்விக்குப் பழகிப்போனவர் போலச் சிரித்தார். பாராட்டி வந்த கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனவாம். மாவடியான் படிப்பார், சிரிப்பார், கொல்லையில் வெந்நீர் அடுப்புக்குப் போட்டுவிடுவார்.

“ஓகே ஆன பீஸ கம்பெனில வெச்சிருக்க மாட்டோங்க. அது வெளிய போயிடும். ரிஜெக்ட்டதான் எடுத்து வெச்சு, எங்க தப்பு நடந்துச்சின்னு பாப்போம். அவரு கடிதாசிங்களையும் அப்பிடியேதான் செஞ்சாரு” என்றார். முனிராஜும் அவற்றை அப்படியே மாட்டிவிட்டார். பாராட்டையும் ஒன்றிரண்டு வைக்கலாமே என்று யாரோ சொன்னபோது, சரியாக இருப்பதைச் சரி என்று எதற்கு மாட்ட வேண்டும் என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லையாம்.

கடைசி வரிசைவரை பார்த்துவிட்டேன். என் கடிதம் இல்லை.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், முதலில் நிம்மதி வந்தது, பின்னாலேயே ஒரு ரோஷமும் வந்தது. அத்தனை பேர் திட்டியது இருக்கிறது, என் திட்டுக்கு என்ன குறை? பிறகுதான் பயம் பிடித்தது. கை போனவருக்குக் கை போகட்டும் என்று எழுதிய கடிதம். படித்த ஆத்திரத்தில் கிழித்துப் போட்டிருப்பார். அல்லது அவர் மனைவி. அப்படியானால் மன்னிப்புக் கேட்கக்கூட அங்கே எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

தம்பதி விடைபெற்றுக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை. அல்வாப் பொட்டலத்தை முனிராஜிடம் கொடுத்தேன். திருட வந்தவள் என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். பத்தொன்பது வயதில் நான் ஒரு கடிதம் எழுதினேன், கடுமையான கடிதம், சுவரில் இல்லை.

“எந்த ஊரும்மா?”

“பாளையங்கோட்டை.”

“பேரு?”

சொன்னேன். அவர் அல்வாவை ஜன்னல்மேல் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்வையில் கோபமில்லை. ரொம்ப நாளாகத் தேடிய சாமான் கிடைத்தவர் பார்க்கிற பார்வை அது.

“நீங்கதானா அது” என்றார். “உக்காருங்க.”

அலமாரியிலிருந்து ஒரு கட்டு எடுத்து வந்தார். கனகம் கதையின் கையெழுத்துப் பிரதி. திருத்தினால் சரியாகும் என்று மஞ்சள் அட்டை போட்ட உருப்படியோடு அந்த அட்டையும் கூடவே போகுமாம். வேலை முடிந்து, குறை சொன்னவரே வந்து பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடுகிறவரை அதைப் பிரிக்கக் கூடாதாம். கட்டின் கடைசியில், என் இன்லண்ட் கவர் நூலில் கட்டித் தொங்கியது. ஓரத்தில் அமலியின் சிலுவை. கவரோடு ஒரு மஞ்சள் அட்டை. ‘குறை’ என்ற இடத்தில், சின்னப் பிள்ளை எழுதுவதுபோலக் கோணல்மாணலாக இருந்தது: ‘கனகம் ஊருக்குத் திரும்புவது தவறு. வாசகி சொல்வது சரி.’ ‘நடவடிக்கை’ என்ற இடத்தில்: ‘கடைசி மூன்று அத்தியாயம் மாற்றி எழுதப்பட்டது.’ ‘ஏற்றுக்கொண்டவர்’ என்ற இடம் காலி.

இடது கையால் எழுதப் பழகியபோது மாவடியான் எழுதியது அது என்றார் முனிராஜ். அந்த மூன்று அத்தியாயத்தை எழுதி முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனதாம். அவர் விட்டுப்போனதில் இந்த ஒரு அட்டைதான் இன்னும் மூடாமல் கிடக்கிறது. முனிராஜ் வேலையை விட்டு வந்த பிறகும் அது அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பேனாவை நீட்டினார்.

“ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்கம்மா. எத்தினி வருசம்.”

நான் பேனாவை வாங்கவில்லை. வாங்க முடியவில்லை. “நான் புத்தகத்தைப் படிக்கவே இல்லை” என்றேன்.

அவர் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை. பார்க்காமல் சரி என்று எழுதுகிறவன் தரம் பார்க்கிற இன்ஸ்பெக்டரே இல்லையாம். புத்தகத்தைக் கொண்டுவந்து, கடைசி மூன்று அத்தியாயத்தைப் பிரித்துக் கொடுத்து, எழுதுகிற நாற்காலியையே என் பக்கம் நகர்த்திப் போட்டார். பச்சை அட்டை ஆடியது. ஓகே ஆன நாற்காலி, தைரியமாக உட்காரலாம் என்றார். அவர் கொல்லைப்புறம் போய் அல்வா தின்றுகொண்டு காத்திருந்தார்.

படித்தேன். கனகம் பஸ்ஸில் போகிறாள். காவேரிப்பட்டணத்தில் டீ குடிக்க இறங்குகிறாள். அங்கே ஒரு கட்டிடத்துக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருப்பவன் அளவை ஒரு விரற்கடை தப்பாக வைப்பது இவள் கண்ணில் படுகிறது. பொறுக்க முடியாமல் போய்ச் சொல்கிறாள். அவன் இவளைப் பார்த்து, உனக்கு என்ன தெரியும் என்கிறான். இவள் சொல்கிறாள், தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக, நின்ற இடத்திலேயே இரண்டு பக்கத்துக்குச் சொல்கிறாள். சொல்லி முடித்தபோது ஊருக்குப் போகிற பஸ் போய்விட்டிருக்கிறது. எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறுகிறாள். தொழிற்சாலை கேட்டில் தாமதம் என்று எழுதி உள்ளே விடுகிறார்கள். லேத்தை ஓடவிட்டு, கையைத் துடைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். அப்பா மன்னித்தாரா, கல்யாணம் ஆனதா, எதுவும் இல்லை.

எனக்கு அழுகை வந்தது. கனகம் திரும்பி வந்த சந்தோஷம் ஒரு பக்கம். இவ்வளவு நல்ல மூன்று அத்தியாயத்தைப் பதினான்கு வருஷம் படிக்காமல் இருந்தேனே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். என் மேலேயே ஒரு வசைக் கடிதம் எழுதலாம் போலிருந்தது.

முனிராஜ் வந்து வாசலில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. தரம் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் பேசக் கூடாது என்பது அவர்கள் வழக்கம் போலிருக்கிறது. நான் தலையாட்டினேன். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. கன்னத்தில் அல்வா நெய்.

ஆனால் பேனாவைப் பிடித்தபோது கை ஓடவில்லை. கதை சரியாகிவிட்டது. சாபம் அப்படியேதானே இருக்கிறது? அட்டைக்கு மேலே என் பத்தொன்பது வயதுக் கையெழுத்து, கை விளங்காமல் போகட்டும் என்று கொட்டை எழுத்தில் கத்திக்கொண்டிருந்தது. அவர் இடது கையால் எழுதியதற்குக் கீழே நான் என் வலது கையால் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று எழுதுவதா? முனிராஜிடம் கேட்டேவிட்டேன். “இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு அவர் என்ன சொன்னார்?”

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா அட்டைக்குப் பின்னாடி என்னமோ எழுதிக் குடுத்தாரு. குறிப்பு எழுதற எடம் அது. இதத் தெரிவிக்கணும்னு நானும் ரெண்டு வாட்டி உங்கூரு தபால் ஆபீசுக்கு எழுதனேன். வெறும் பேர வெச்சிக் கண்டுபிடிக்க முடியாதுன்னுட்டாங்க.”

அட்டையைத் திருப்பினேன். அதே கோணல் எழுத்து, மூன்று வரி.

‘சாபம் வந்து சேர்ந்த தேதிக்குப் பத்து நாள் முன்பே கை போய்விட்டது. தாமதமாக வந்த சரக்குக்கு அனுப்பியவர் பொறுப்பல்ல. பெண்ணுக்குத் தெரிவிக்கவும்.’

சிரித்தேனா அழுதேனா என்று முனிராஜைத்தான் கேட்க வேண்டும். அவர் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரில் நீங்கள் தேடிய தேடலிலேயே கிழிக்கத்தான் வந்தீர்கள் என்று தெரிந்துவிட்டது, கையெழுத்துப் போட்டுவிட்டால் நூலை அறுத்துக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போகலாம், விதிப்படி அது உங்களுடையது என்றார். நான் வேண்டாம் என்றேன். அது இருக்கிற இடத்திலேயே, கனகத்தோடேயே, பெயரோடும் ஊரோடும் இருக்கட்டும். இன்னும் ஒன்று குறைகிறது, முகவரி, அதையும் எழுதித் தருகிறேன் என்றேன். அட்டையைத் திருப்பி, ‘ஏற்றுக்கொண்டவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, தெரு, வீட்டு எண் எல்லாம் எழுதினேன். பிறகு அட்டையை மறுபடி திருப்பி, அவருடைய மூன்று வரிக்குக் கீழே, ‘தெரிந்துகொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.